பயந்தபடியே பார்த்த தலைமுறை: குழந்தைகளுக்கான திகில் கார்ட்டூன்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் சேனலில் 1999 நவம்பரில் தொடங்கி 2002 நவம்பரில் முடிந்தது ‘கரேஜ் த கவர்ட்லி டாக்’ என்ற தொடர். அதைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் இன்று முப்பது வயதைத் தொட்டோ கடந்தோ நிற்கிறார்கள். இந்தியாவிலும் அதே சேனல் வழியாக அது வீடுகளுக்குள் வந்தது. அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரிடமிருந்து இரண்டு பதில்கள் சேர்ந்தே வருகின்றன. அந்த வயதில் தங்களை அவ்வளவு பயமுறுத்திய நிகழ்ச்சி வேறு இல்லை என்கிறார்கள். அவ்வளவு விரும்பிப் பார்த்ததும் அதைத்தான் என்கிறார்கள். இந்த இரட்டைப் பதிலைக் கேட்கும் பெரியவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிகிறார்கள். குழந்தையின் மனத்தில் பயத்தை விதைப்பது தீங்கு, அதைக் குழந்தைகள் சேனலில் காட்டியதே தவறு என்பது ஓர் அணி. பயந்து பழகினால்தான் தைரியம் வரும், ஆகவே அது நல்லதே என்பது மற்றோர் அணி. இரண்டு அணிகளுக்கும் பொதுவான ஒரு பிழை உண்டு. பயத்தை ஒரே பொருளாக, கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் அளவாக மட்டும் இரண்டுமே பார்க்கின்றன. கிடைத்திருக்கும் சான்றுகளோ வேறொன்றைச் சொல்கின்றன. ஒரு திகில் கார்ட்டூன் குழந்தைக்கு ஏற்றதா என்பதை அது எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. பார்க்கும் குழந்தையின் வயதில் அந்தப் பயம் எந்த வழியாக உள்ளே போகிறது, வந்த பயம் தெளிவதற்குக் கதை ஒரு வழி வைத்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

தொடரின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். ஜான் டில்வொர்த் உருவாக்கிய இந்தத் தொடருக்கு முன்னோடி, 1996இல் அதே சேனலில் வந்த ஒரு குறும்படம். வேற்றுக்கிரகக் கோழி ஒன்று பண்ணை வீட்டுக்கு வரும் கதையான அது ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. பின்னர் வந்த தொடர் 52 எபிசோடுகள் ஓடியது. பெரும்பாலான எபிசோடுகளில் இரண்டிரண்டு கதைகள். கான்சஸ் மாநிலத்தில், சுற்றிலும் வேறு வீடே இல்லாத வெட்டவெளியில் ஒரு பண்ணை வீடு. அதில் மியூரியல் என்ற அன்பான பாட்டி, யூஸ்டஸ் என்ற சிடுசிடுத்த கிழவர், கரேஜ் என்ற சின்னஞ்சிறு இளஞ்சிவப்பு நாய். குட்டியாக இருந்தபோது பெற்றோரை இழந்து அநாதையான அந்த நாயை எடுத்து வளர்த்தவர் மியூரியல். ஒவ்வொரு கதையிலும் அந்த வீட்டைத் தேடி ஏதோ ஒரு பயங்கரம் வருகிறது. அதை முதலில் பார்ப்பது நாய்தான். வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அலறுகிறது, உடம்பை வளைத்து உருவங்களாக மாறி அபிநயம் பிடித்துக் காட்டுகிறது. பாட்டிக்குப் புரிவதில்லை. கிழவரோ பெரிய முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு அந்த நாயை வேண்டுமென்றே மிரட்டி மகிழ்கிறார். கடைசியில் நடுங்கிக்கொண்டே அந்த நாய்தான் பாட்டியைக் காப்பாற்றுகிறது. வில்லன்கள் மாறினாலும் தொடர் முழுவதும் இந்த அடிப்படை மாறுவதில்லை.

இந்த அமைப்பு குழந்தைகளை ஏன் இவ்வளவு ஆழமாகத் தொட்டது என்பதற்கு விடை, நாய் நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஆபத்து தெரிகிறது, சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் பெரியவர்கள் நம்புவதில்லை. நம்பாதவர்களில் ஒருவர் அதைக் கேலியும் செய்கிறார். ஆறு வயதுக் குழந்தை இருட்டறையில் படுத்திருக்கும்போது இருக்கும் நிலையும் இதுதான். தொடரின் பயம் அரக்கனிடமிருந்து பாதி வருகிறது என்றால், யாரும் நம்பாத தனிமையிலிருந்து மறுபாதி வருகிறது. இதற்கு மேல் டில்வொர்த்தின் குழு வடிவத்திலும் ஓர் உத்தியைக் கையாண்டது. வழக்கமான கையோவிய உலகத்துக்குள் திடீரெனக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கிய ஓர் உருவத்தையோ புகைப்படம் போன்ற ஒரு பரப்பையோ கொண்டுவந்து வைத்தது. அந்த உருவம் கதாபாத்திரங்களின் உலகத்தைச் சேர்ந்ததல்ல என்பதைக் குழந்தையின் கண் உடனே கண்டுகொள்கிறது. ஆனால் ஏன் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஒலியிலும் இப்படித்தான். கார்ட்டூனுக்கே உரிய இடைவிடாத இரைச்சல் நின்றுபோய், காற்றின் ஓலமோ ஒற்றைக் குரலோ மட்டும் கேட்கும் தருணங்கள் தொடரில் நிறைய.

வளர்ந்த பார்வையாளர்கள் மறக்க முடியாதவை என்று குறிப்பிடும் காட்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. கல்லறையிலிருந்து திருடப்பட்ட கற்பலகையைத் திருப்பிக் கேட்டு இரவில் வயல்வெளியில் வந்து நிற்கும் ராம்சஸ் மன்னனின் ஆவி. எந்நேரமும் அகன்ற சிரிப்போடு, எதுகை மோனையோடு தன் கதையைத் தானே சொல்லிக்கொண்டு, கண்ணில் படும் முடியையெல்லாம் மழிக்கத் துடிக்கும் பிரெட் என்ற முடிதிருத்துநர். கடைசி எபிசோடில் கனவில் மிதந்து வந்து நாயிடம் குறை சொல்லும் நீல உருவம். இவற்றில் எதிலும் ரத்தம் இல்லை, வெட்டுக்குத்து இல்லை. ராம்சஸ் ஆவி நின்ற இடத்தில் அசைந்தாடுவதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தோற்றமும் குரலுமே பயத்தைக் கொண்டுவருகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஊடக அச்சத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜோன் கேன்டரின் கண்டுபிடிப்போடு இது பொருந்திப்போகிறது. அவரும் சிந்தியா ஹாஃப்னரும் 1985இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒரே கதையிலுள்ள கிழவியை அழகாகவும் அவலட்சணமாகவும், அன்பானவளாகவும் கொடியவளாகவும் மாற்றி மாற்றிக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அவள் எப்படிப்பட்டவள் என்பதைத் தோற்றத்தை வைத்தே பெரிதும் தீர்மானித்தார்கள். வயது ஏற ஏறத் தோற்றத்தின் பிடி தளர்ந்து, அவள் என்ன செய்கிறாள் என்பது முக்கியமாயிற்று. ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. நல்லவனான நாயகன் பச்சை உருவமாக மாறும் கட்டம் பள்ளிப் பருவத்துக்கு முந்தைய குழந்தைகளை மிரட்டியது. அவன் காப்பாற்ற வருகிறான் என்பதைப் புரிந்துகொண்ட பெரிய குழந்தைகள் அவ்வளவு மிரளவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வயது ஏறும்போது பயம் குறைந்துவிடுவதில்லை. அது நுழையும் வழி மாறுகிறது. 1983 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அணுகுண்டுத் தாக்குதலைச் சித்திரித்த ‘த டே ஆஃப்டர்’ படம் ஒளிபரப்பானபோது, பெற்றோர்கள் தங்கள் சின்னக் குழந்தைகளுக்காகக் கவலைப்பட்டார்கள். கேன்டரும் அவருடைய சகாக்களும் விசாரித்தபோது சின்னக் குழந்தைகளே குறைவாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பதின்பருவத்தினரும் பெற்றோர்களுமே அதிகம் கலங்கியிருந்தார்கள். அந்தப் படத்தின் பயங்கரம் கண்ணுக்குத் தெரியும் உருவத்தில் இல்லை, நடக்கக்கூடியது என்ற அறிவில் இருந்தது. கரேஜ் தொடருக்குள்ளேயே இந்த இரண்டு வகைப் பயங்களும் அருகருகே இருக்கின்றன. ‘த மாஸ்க்’ என்ற நீண்ட கதையில் முகமூடி அணிந்த ஒரு பூனை நாய் இனத்தையே வெறுக்கிறது. அவளுடைய தோழியான முயலை ரௌடி நாய் ஒருவன் அடைத்து வைத்து அடிமைப்படுத்தியிருப்பதுதான் காரணம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது முகமூடி போட்ட ஒரு பொல்லாத பூனையின் கதை. அதே கதையைப் பதினைந்து வயதில் திரும்பப் பார்ப்பவருக்கு அது குடும்ப வன்முறையின் கதை. ஆக, ‘பயமான தொடர்’ என்ற ஒற்றை முத்திரை யாருக்கும் எதையும் தெரிவிப்பதில்லை. எந்த வயதுக்கு, எந்த வழியாக என்று கேட்காத எந்த மதிப்பீடும் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பார்வையாளர் எதிர்வினையைப் பற்றிய இந்த விவாதம் கார்ட்டூன் நெட்வொர்க்கோடு பிறந்ததல்ல. அமெரிக்காவில் பெய்ன் நிதியத்தின் ஆதரவில் நடந்த திரைப்பட ஆய்வுகளின் பகுதியாக 1933இல் வெளிவந்த ஹெர்பர்ட் புளூமரின் நூலில், அவர் கேட்ட குழந்தைகளில் 93 சதவீதம் பேர் ஏதோ ஒரு திரைப்படத்தைப் பார்த்துப் பயந்ததாகச் சொன்ன செய்தி இருக்கிறது. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ 1938இல் பிரிட்டனுக்கு வந்தபோது அங்கிருந்த தணிக்கை வாரியம், பெரியவர் துணையோடு மட்டுமே குழந்தைகள் பார்க்கலாம் என்ற சான்றிதழைக் கொடுத்தது. சூனியக்காரியும் காட்டுக் காட்சியும் குழந்தைகளை மிரட்டும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. பல உள்ளாட்சி அமைப்புகள் அதை ஏற்காமல் எல்லோரும் பார்க்கலாம் என்று அனுமதித்தன. முயல்களின் இடப்பெயர்வைச் சொல்லும் ‘வாட்டர்ஷிப் டவுன்’ அனிமேஷன் படத்துக்கு 1978இல் நேர் மாறாக நடந்தது. எல்லோருக்குமான ‘யு’ சான்றிதழ் கிடைத்தது. அதை நம்பிக் குழந்தைகளோடு உட்கார்ந்த பெற்றோர்களின் புகார்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 44 ஆண்டுகள் கழித்து, 2022இல், பெற்றோர் வழிகாட்டல் தேவை என்ற பிரிவுக்கு அது மாற்றப்பட்டது. ஒரு படத்தில் வாரியம் பயத்தை மிகையாக எடை போட்டது, இன்னொன்றில் குறைவாக எடை போட்டது. இரண்டு முறையும் பயத்தின் அளவு மட்டுமே தராசில் இருந்தது. அதனால்தான் முள் ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் சாய்ந்தது.

இரண்டாவது கேள்வியான தெளிதலுக்கு வருவோம். தமிழ் வீடுகளில் குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுதால் ‘பயந்திருக்கிறது’ என்று சொல்லித் திருநீறு இடுவார்கள், தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓதச் செய்து வருவார்கள். பயம் வருவது இயற்கை, தெளியாமல் தங்குவதுதான் கோளாறு என்ற புரிதல் அதில் உண்டு. கார்ட்டூன்களுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். கார்ட்டூன் வரலாற்றில் பயத்தைத் தெளிவிக்க இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. முதலாவது, ‘ஸ்கூபி டூ’வின் வழி. 1960களின் கடைசியில் அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வன்முறை அதிகம் என்று பெற்றோர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்த சூழலில், 1969 செப்டம்பரில் சிபிஎஸ் நிறுவனம் அதைத் தொடங்கியது. அதன் தொடக்க வரைவுகள் சின்னக் குழந்தைகளுக்கு அதிகப் பயமாக இருக்கும் என்று நிறுவனத் தலைமை நிராகரித்த பிறகு, நாயும் நகைச்சுவையும் முன்னுக்கு வந்தன. கடைசியில் பேயின் முகமூடி கழற்றப்படும். உள்ளே இருப்பவர் பணத்துக்காக நாடகமாடிய ஒரு மனிதர். பேய் என்பது பொய் என்ற விளக்கமே இங்கே மருந்து. இரண்டாவது, கரேஜின் வழி. இங்கே பேய் நிஜம். யாரும் முகமூடியைக் கழற்றி ஆறுதல் சொல்வதில்லை. பயந்த ஒருவன், பயம் தீரும் வரை காத்திராமல், தனக்குப் பிரியமானவருக்காக ஏதோ ஒன்றைச் செய்கிறான். அந்தச் செயலே மருந்து.

இந்த இரண்டில் எது சிறந்தது என்ற கேள்விக்கும் வயதுதான் விடையளிக்கிறது. கேன்டரும் பார்பரா வில்சனும் ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் சூனியக்காரிக் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டுமுன், இது நிஜமல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். ஒன்பது வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு அது உதவியது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அதனால் பயன் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு உதவியவை வேறு: பெற்றோரின் மடி, கையில் ஒரு போர்வையோ பொம்மையோ, பயமூட்டும் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துப் பழகுவது. அதாவது முகமூடியைக் கழற்றிக் காட்டும் கதை, விளக்கத்தை வாங்கிக்கொள்ளும் வயதுக் குழந்தைக்கே தெளிவைத் தரும். துணையையும் செயலையும் காட்டும் கதை கொஞ்சம் இளைய குழந்தையையும் எட்டக்கூடும். ஆனால் அதற்கும் கீழே ஒரு வயது உண்டு. அங்கே கதையின் முடிவு மனத்தில் சேர்வதற்கு முன்பே உருவம் போய்த் தங்கிவிடுகிறது. கரேஜ் தொடருக்கு ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கானது என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முத்திரை தரப்பட்டதில் பொருள் இருந்தது. அண்ணன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு வயதுத் தங்கைக்கு அந்த முத்திரையால் பாதுகாப்பு எதுவும் இல்லை.

இந்த அளவுகோலைத் தொடரின் கதைகள் மீதே வைத்துப் பார்க்கலாம். ராம்சஸ் கதையில் சாபம் வெள்ளமாகவும், நிறுத்த முடியாத பாட்டாகவும், வெட்டுக்கிளிக் கூட்டமாகவும் வருகிறது. மன்னன் கேட்பது தன் பொருளை மட்டும்தான். கொடுக்க மறுப்பது கிழவரின் பேராசை. கல் திரும்பிப்போனதும் சாபம் தீர்கிறது. பயங்கரத்துக்கு ஒரு காரணமும் அது நீங்க ஒரு வழியும் இருக்கின்றன. குழந்தை அதைப் பிடித்துக்கொள்ள முடியும். டாக்டர் சலோஸ்ட் என்ற விஞ்ஞானியின் கதை இன்னும் ஒருபடி மேலே போகிறது. துயரத்தைப் பீரங்கிக் குண்டுகளாகச் சுட்டு ஊரையே அழவைப்பவனை அழிக்காமல், மியூரியலின் கைப்பக்குவத்தில் செய்த பழ இனிப்பைக் கொடுத்து அவன் மனத்தையே மாற்றுகிறது கதை. கடைசி எபிசோடில், எதையும் பிசகில்லாமல் செய்ய வேண்டும் என்று நச்சரிக்கும் ஓர் ஆசிரியையால் நாய் தூக்கமிழக்கிறது. குளியல் தொட்டியில் வரும் ஒரு மீன், குறைகளோடே நல்லதைச் செய்யலாம் என்று சொன்ன பிறகு அந்த ஆசிரியை மறைந்துபோகிறாள். ஆனால் அதே எபிசோடின் நீல உருவம் சில நொடிகளே வந்தாலும், தூங்கப்போகும் நேரத்தில், கனவுக்குள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வருகிறது. பிரெட் கதையிலும் நாய் ஒரு குளியலறையில் அவனோடு அடைபட்டுக் கிடக்கிறது. பிறகு வெளியாட்கள் வந்து அவனை அழைத்துப்போகிறார்கள், அவன் போகும்போதும் அதே சிரிப்பு. இந்த இரண்டு இடங்களிலும் பயத்தின் கனத்துக்கு ஈடான தெளிவைத் தொடர் தரவில்லை என்றே நான் கருதுகிறேன். படுக்கையும் குளியலறையும் குழந்தை தினமும் தனியாகப் போகவேண்டிய இடங்கள் என்பதால் இந்தக் குறை சிறியதல்ல.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இந்தத் தொடரை நேசத்தோடு நினைவுகூர்பவர்கள் அதைத் தாங்கிக்கொண்டவர்கள். தாங்க முடியாமல் டிவியை அணைத்தவர்களோ, பல மாதங்கள் தூங்காமல் தவித்தவர்களோ அந்த நினைவுக் கூட்டத்தில் பேச வருவதில்லை. ஆகவே வளர்ந்தவர்களின் நேசத்தைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பது அந்த ஆட்சேபம். இது நியாயமானது. சான்றும் இதன் பக்கம் இருக்கிறது. கிறிஸ்டன் ஹாரிசனும் கேன்டரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 150 கல்லூரி மாணவர்களில் 90 சதவீதம் பேர் ஊடகத்தால் பயந்த அனுபவம் ஒன்றை விவரித்தார்கள். ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்கு அந்தக் கலக்கத்தின் எச்சம் அப்போதும் மிச்சம் இருந்தது. எவ்வளவு இளம் வயதில் பார்த்தார்களோ அவ்வளவு நீண்ட காலம் அது தங்கியது. 1992இல் பிபிசி ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகம் நேரலை போலவே தோற்றமளித்தது. அதைப் பார்த்த பத்து வயதுச் சிறுவர் இருவருக்கு மன அதிர்ச்சி நோய்க்குறிகள் தோன்றியதை 1994இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் பதிவு செய்தது. இவற்றைத் தள்ளிவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆனால் இந்தச் சான்றுகள் எதைப் பற்றியவை என்பதையும் பார்க்க வேண்டும். நீண்ட காலம் தங்கிய பயங்களைப் பற்றிக் கேன்டரின் மாணவர்கள் எழுதியவற்றில் மீண்டும் மீண்டும் வந்தவை ‘போல்டர்கைஸ்ட்’, ‘ஜாஸ்’ போன்ற படங்கள். பெரியவர்களை மனத்தில் வைத்து எடுத்த அவை, படுக்கையறைக் கோமாளி பொம்மை, ஓடிக்கொண்டிருக்கும் டிவி, நீச்சலடிக்கும் நீர் என்று அன்றாடப் பொருள்களோடு பயத்தை முடிச்சுப் போட்டன. ஜாஸ் பார்த்தவர்களில் சிலர் கடலில் மட்டுமல்ல, ஏரியிலும் குளத்திலும் இறங்கத் தயங்கினார்கள். கோஸ்ட்வாட்சின் தீங்கு, கதையைச் செய்தியாக வேடமிட்டுக் காட்டியதில் இருந்தது. இது கதை என்று சொல்லித் தேற்றும் வழியையே அது மூடிவிட்டது. ஆக இந்த ஆய்வுகள் ‘பயம் தீங்கு’ என்பதை நிறுவவில்லை. மிக இளம் வயதில், அன்றாட வாழ்வோடு பிணைந்த பயம், தெளிய வழியில்லாமல் விடப்பட்டால் தீங்கு என்பதையே நிறுவுகின்றன. நீல உருவத்தின் மீது வைத்த குறையும் இதே அளவுகோலிலிருந்து வந்ததுதான். இந்த அளவுகோல் தொடரின் பெரும்பகுதியைக் காக்கிறது. சில பகுதிகளைக் காக்கவில்லை.

இன்னோர் ஆட்சேபம் இதைவிட அடிப்படையானது. பயமே இல்லாமல் குழந்தைகளுக்கு நல்ல கதைகள் சொல்ல முடியும்போது, பயமுறுத்தி ஆகவேண்டிய தேவை என்ன? புருனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூலில், ஓநாயும் சூனியக்காரியும் வரும் பழங்கதைகள் குழந்தையின் உள்ளே ஏற்கெனவே இருக்கும் பெயரில்லாத பயங்களுக்கு உருவம் தருகின்றன என்று வாதிட்டார். அவருடைய உளப்பகுப்பாய்வு விளக்கங்கள் பின்னாளில் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயின. அவற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. குழந்தைகளிடமே கேட்டவர்களின் சான்று இன்னும் உறுதியானது. 1996இல் வெளிவந்த டேவிட் பக்கிங்ஹாமின் நூல் பிரிட்டிஷ் குழந்தைகளோடு அவர் நடத்திய நேர்காணல்களின் அடிப்படையில் எழுதப்பட்டது. பயமூட்டும் காட்சிகளைத் தேடிப் போவதையும், கண்ணை மூடுவது, பாதியில் எழுந்து போவது, நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பது என்று தங்களுக்கேற்ற தற்காப்புகளைத் தாங்களே வகுத்துக்கொள்வதையும் அந்தக் குழந்தைகள் விவரித்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பயத்தை ஆராயும் குழு, ஒளிந்து விளையாடுவதிலிருந்து பேய்க்கதை வரை ஏதோ ஒரு வகையில் பயந்து மகிழ்வது மிகப் பெரும்பாலான குழந்தைகளின் இயல்பு என்கிறது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பிணத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் விக்கிரமாதித்தனைப் பல பத்தாண்டுகள் தமிழ்க் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். ஏனென்றால் அந்த மன்னன் பயங்கரத்தின் நடுவே நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழந்தை தானே தேடிப் போகும் இந்தப் பயத்தையும், பெரியவர்கள் குழந்தையை அடக்கப் பயன்படுத்தும் பயத்தையும் ஒன்றாகக் கருதுவது பெரும் குழப்பம். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான், வெளியே போனால் மரத்தில் பேய் இருக்கிறது என்ற மிரட்டலுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. பூச்சாண்டியை வெல்லும் கதையை யாரும் சொல்வதில்லை. சொன்னால் மிரட்டல் பலிக்காது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ‘அரசிளங்குமரி’ படத்துக்காக எழுதிய ‘சின்னப்பயலே’ பாடலில் சிறுவனை எச்சரித்தது இந்த வகைப் பயத்தைப் பற்றித்தான். கரேஜ் தொடரில் முகமூடி மாட்டி மிரட்டும் யூஸ்டஸ் இதே வகையின் பிரதிநிதி. தொடர் அவருடைய செயலை ஒருபோதும் நியாயப்படுத்துவதில்லை. கதைக்குக் கதை அவரே மாட்டிக்கொள்கிறார். பயமுறுத்தும் பெரியவரையும், பயந்தாலும் செயல்படும் சிறியவனையும் ஒரே வீட்டில் வைத்து, யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதை ஐயமில்லாமல் காட்டியதே இந்தத் தொடரின் அறம் என்று சொல்வேன்.

பெற்றோர் மேற்பார்வை இருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் வேண்டும். மேற்பார்வை தேவைதான்; ஆனால் அது நாம் நினைக்கும் அளவுக்குக் கூர்மையானதல்ல. தங்கள் பிள்ளைகள் ஊடகத்தால் எவ்வளவு பயந்தார்கள் என்பதைப் பெற்றோர்கள் குறைத்தே மதிப்பிடுவதை 1980களிலேயே ஆய்வுகள் கண்டன. குழந்தைகள் மறைக்கவும் செய்கிறார்கள். ஹென்றி செலிக் 2009இல் படமாக்கிய ‘கோரலைன்’ கதையை எழுதிய நீல் கெய்மன் இதற்கு ஒரு சான்றைச் சொல்லியிருக்கிறார். அச்சாகுமுன் அதைக் கேட்ட ஒரு சிறுமி பயப்படவில்லை என்று சொன்னதால்தான் அது குழந்தைகள் நூலாக வெளியானது. பல ஆண்டுகள் கழித்து, தான் மிகவும் பயந்ததாகவும், சொன்னால் கதையை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மறைத்ததாகவும் அவள் ஒப்புக்கொண்டாள். இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ‘பயமாக இல்லை’ என்ற பதிலை அப்படியே நம்பக் கூடாது. பயத்தைவிட முடிவைத் தெரிந்துகொள்ளும் ஆசை குழந்தையிடம் பெரிதாக இருக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. பாதியில் டிவியை அணைக்கும் பெற்றோர், பயத்தை நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு, தெளிவதற்கான வழியை அடைத்துவிடவும் கூடும்.

அரசுகளும் தணிக்கை அமைப்புகளும் இந்த இடத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1997இல் வந்த தொலைக்காட்சி முத்திரைகளில் குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கற்பனை வன்முறை என்ற குறிப்பு இருக்கிறது. பயத்துக்கென்று குறிப்பு இல்லை. ராம்சஸ் ஆவி யாரையும் அடிப்பதில்லை என்பதால் அந்த முறையில் அதற்குச் சொல்லும் எச்சரிக்கை எதுவுமில்லை. நெதர்லாந்து 2001இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கைக்வைசர் முறையில் பயத்துக்கு என்று தனியே ஒரு சிலந்திப் படம் உண்டு. வயது எண்ணோடு அது சேர்ந்தே வரும். இந்தியாவில் கேபிள் தொலைக்காட்சி விதிகள் குழந்தைகள் நிகழ்ச்சியில் தகாத மொழியையும் அப்பட்டமான வன்முறையையும் தடுக்கின்றன. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம் 7, 13, 16 என்று வயதுப் படிகளைக் கொண்டுவந்தது. வயதைப் பிரித்தது நல்ல முன்னேற்றம். அதோடு பயம் என்ற குறிப்பும் சேர்ந்தால், வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தையை மனத்தில் வைத்துப் பெற்றோர் முடிவெடுக்க உதவும்.

இன்றைய பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சேனலில் பார்த்த தலைமுறைக்கு ஒவ்வொரு கதையும் முழுசாக, முடிவோடு கிடைத்தது. இன்று அதே ராம்சஸ் ஆவியும் நீல உருவமும் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, கல் திரும்பிப்போன கதையும் மீன் சொன்ன ஆறுதலும் இல்லாமல், செல்போனில் தனியாகப் பார்க்கும் குழந்தையின் கண்முன் வந்து விழுகின்றன. 2017இல், பிரபலக் கார்ட்டூன் பாத்திரங்களின் வேடத்தில் குழந்தைகளை மிரட்டும் காணொளிகள் யூடியூபில் பெருகியிருந்தது அம்பலமாகி, அந்நிறுவனம் பல சேனல்களை நீக்கி விதிகளை இறுக்க நேர்ந்தது. அந்தக் காணொளிகளில் கதையே இல்லை, அதிர்ச்சி மட்டுமே இருந்தது. அளவை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத் துண்டின் பயம் முழு எபிசோடின் பயத்தைவிடக் குறைவு. தெளிவை வைத்துப் பார்த்தால் அந்தத் துண்டுதான் பன்மடங்கு கேடானது. என் வாதத்தின் இரண்டு கேள்விகளையும் கேட்காத எந்த விதியும் இந்த ஆபத்தைப் பிடிக்க முடியாது.

ஆகவே கரேஜ் போன்ற தொடர்களைக் குழந்தைகளிடமிருந்து பிடுங்குவதும் சரியல்ல, பயந்து பழகட்டும் என்று எல்லா வயதுக் குழந்தைகளின் முன்னும் ஓடவிடுவதும் சரியல்ல. உருவாக்குபவர்கள் பயங்கரத்துக்கு ஒரு காரணத்தையும், பயந்தவனுக்கு ஒரு செயலையும், கதைக்கு ஒரு தெளிவையும் கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். படுக்கையறைக்குள் பயத்தைக் கொண்டுபோனால் அங்கிருந்து அதைத் திரும்பக் கூட்டிவரும் பொறுப்பும் அவர்களுடையதே. தணிக்கை அமைப்புகள் வன்முறையிலிருந்து பயத்தைப் பிரித்துக் குறிக்க வேண்டும். பெற்றோர்கள் ஆறு வயதுக்குக் கீழான குழந்தையை இந்தத் தொடர்களிலிருந்து தள்ளி வைத்து, பெரிய குழந்தைகளோடு கூடவே உட்கார்ந்து கடைசி வரை பார்த்து, பயமாக இருந்தது என்று குழந்தை சொன்னால் அதைக் கேலி செய்யாமல் நம்ப வேண்டும். அந்தப் பண்ணை வீட்டில் நாய்க்குக் கிடைக்காமல் போனது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அது நம் வீடுகளில் குழந்தைக்குக் கிடைத்தால், திகில் கார்ட்டூன் அதற்குக் கேடாகாது.